ஏறும் வண்டியும் இறங்கும் அறிவும்

ஒரு வண்டியின் தகுதியை அதன் தோற்றத்தைக் கொண்டு அளந்துவிட முடியாது. அது ஓடவேண்டிய நிலத்தைக் கொண்டே அளக்க வேண்டும். சேற்று வயலில் கட்டை வண்டிக்கு இருந்த மதிப்பு தார்ச்சாலையில் இல்லை. தார்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு ஓடும் விலையுயர்ந்த கார், மழைநாளில் செம்மண் சடக்கில் இறங்கிவிட்டால், பத்தடி நகர்வதற்குள் பிறர் கையை எதிர்பார்த்து நின்றுவிடும். நிலம் கேட்பதை வண்டி கொடுக்க வேண்டும். கொடுக்க இயலாத வண்டி எத்துணை அழகுடையதாயினும் அந்த நிலத்தில் அது வெறும் பாரமே.

இந்த உண்மையை உணர்வதற்குப் பினாங்குத் தீவைவிடப் பொருத்தமான இடம் அரிது. கிழக்கே கடலோரச் சமவெளியில் ஜார்ஜ் டவுன் நகரம். அதன் பழைய தெருக்கள் மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் அளவெடுத்து அமைந்தவை. தமிழர் கடைத்தெரு என்று வழங்கும் மார்க்கெட் தெருவிலும், மாரியம்மன் கோயில் நிற்கும் குயின் தெருவிலும், சூலியா தெருவிலும் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது ஒரு சிறு வெற்றியாகவே கருதப்படும். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக ஏற்ற நகரம் அது. தெருக்களை அகலப்படுத்துவது பற்றிப் பேச்சே இல்லை. நகரத்தின் முதுகுப்புறத்திலோ மலைகள் எழுகின்றன. அவற்றிற்கும் அப்பால், 'தீவின் மறுபுறம்' என்றே மலாயில் பெயர் பெற்ற பாலேக் பூலாவ். அங்கே வயல்களும், சரிவுகளில் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டங்களும் உள்ளன. ஒரே தீவில், ஒரு மணி நேரப் பயணத்துக்குள், குறுகிய தெருவும் செங்குத்தான சரிவும் ஒருங்கே வாய்த்திருக்கின்றன. சிறிய உடலும் நான்கு சக்கரங்களிலும் உந்துவிசையும் கொண்ட வண்டி இத்தீவினரின் விருப்பத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

அத்தகைய வண்டி வருவதற்கு முன்னர் மனிதர் மலையேறிய கதை நெடியது. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் காலூன்றினார். 1788இல் கொடிமலைக்கு ஒரு பாதை வெட்டப்பட்டது. கீழே வெயிலையும் காய்ச்சலையும் அஞ்சிய ஐரோப்பியர்கள் மலைமேல் மாளிகைகள் கட்டிக்கொண்டனர். குதிரையேறிச் சென்றவர் சிலர். கூலியாட்களின் தோள்களில் சுமந்து செல்லப்பட்ட பல்லக்கில் அமர்ந்து சென்றவர் பலர். மலையேறும் ரயில் 1923ஆம் ஆண்டில்தான் ஓடத் தொடங்கியது. அதுவரையில் மலையின் உயரத்தை உண்மையில் அளந்தவை கூலியாட்களின் கால்களே. ஏறியவர் பெயர்கள் மாளிகைகளிலும் பாதைகளிலும் பொறிக்கப்பட்டன. சுமந்தவர் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. மலையுச்சியில் இன்றும் விளங்கும் அருள்ஒளித் திருமுருகன் ஆலயம், அம்மலைமேல் தமிழரின் வாழ்வும் வழிபாடும் வேர்கொண்டிருந்தமைக்குச் சான்றாக நிற்கிறது.

ஜீப் என்னும் வண்டி பிறந்தது போர்க்களத்துக்காக. 1940ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் சிறிய, எடை குறைந்த, நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய வண்டி ஒன்றைக் கேட்டது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் பான்டம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. முதல் ஜீப்பே சிறு வண்டிதான் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அதன் நீளம் மூன்றரை மீட்டரைக்கூட எட்டவில்லை. சேற்றில் புதைந்தால் வீரர் சிலர் சேர்ந்து தூக்கி விடலாம் என்பதே அதன் பெருமையாக இருந்தது. பெரிய உடலே பெரிய ஆற்றல் என்னும் எண்ணம் பிற்காலத்து விளம்பரங்கள் வளர்த்த எண்ணம்.

போருக்குப் பின், இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தார். அதைப் பார்த்து எழுந்த எண்ணமே லேண்ட் ரோவர் ஆயிற்று. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகத்தின் பார்வைக்கு வந்தது. எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலின் அதன் உடலை அலுமினியக் கலவையால் செய்தனர். அதுவே துருப்பிடிக்காத நன்மையாகவும் அமைந்தது.

அதே 1948ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 வரையில் நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் போலீசும் இராணுவமும் தோட்டத் துரைமார்களும் ஜீப்பிலும் லேண்ட் ரோவரிலும் வலம் வந்தனர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவச் சென்ற தமிழ்த் தொழிலாளிக்கு, 'ஜீப்' என்னும் சொல் ஒரு வண்டியின் பெயராக மட்டும் ஒலிக்கவில்லை. துரை வருகிறார், சோதனை வருகிறது, கேள்வி வருகிறது என்பதன் முன்னறிவிப்பாகவே அது ஒலித்தது. வண்டி ஒன்று, அதில் அமர்ந்திருந்தவர்க்கு அது வசதி, அதன் வழியில் நின்றவர்க்கு அது அதிகாரம்.

அந்த அதிகாரத்தின் ஊர்தி, எளிய குடும்பத்தின் கருவியாக மாறியதற்குக் காரணம் அது மீண்டும் சிறியதாக ஆனதே. ஜப்பானில் சுசுகி நிறுவனம் 1970ஆம் ஆண்டில் ஜிம்னி என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் எஞ்சின் 359 சிசி; பெரிய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் அளவே. சிறு வண்டிகளுக்கு ஜப்பானியச் சட்டம் விதித்திருந்த மூன்று மீட்டர் நீளத்துக்குள் அடங்க வேண்டுமென்று, மாற்றுச் சக்கரத்தைப் பின்புறத்தில் மாட்டாமல் உள்ளேயே வைத்தனர். அதனால் ஓர் இருக்கை குறைந்தது. ஓர் இருக்கையை இழந்தும் சிறுமையைக் காத்துக்கொண்ட வண்டி அது. 1981இல் 970 சிசி எஞ்சினுடன் எஸ்ஜே 410 வகை வந்தது. அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. இவ்வழியில் பிறந்த ஜிப்சி என்னும் வண்டியை 1985இல் மாருதி நிறுவனம் இந்தியாவில் வெளியிட்டது. மலைச்சாலைகளிலும் இராணுவ முகாம்களிலும் அது நெடுங்காலம் உழைத்தது.

மலேசியாவில் அந்த மாற்றம் 1998ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 1993இல் தொடங்கப்பட்டு, ரவாங் நகரில் தொழிற்சாலை அமைத்து, 1994இல் கஞ்சில் என்னும் சிறு காரை மக்களுக்கு அளித்த பெரோடுவா நிறுவனம், ஜப்பானின் டைஹாட்சு டெரியோஸ் வண்டியை அடிப்படையாகக் கொண்டு கெம்பாரா என்னும் வண்டியை வெளியிட்டது. எஞ்சின் 1,300 சிசி. அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றே மிகுதி. நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் அமைப்பு. ஆசிய நாடுகள் நிதி நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. அக்காலத்திலும் அந்த வண்டிக்கு வரவேற்பு இருந்தது. 'கெம்பாரா' என்னும் மலாய்ச் சொல் ஊர் ஊராய்ச் சுற்றுதலைக் குறிக்கும். மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர், தவணை கட்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு உரியவராகலாம் என்னும் நிலை அன்று பிறந்தது. 2007ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. எனினும் பழைய வண்டிகள் கைமாறிக் கைமாறி இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அவ்வாறு கைமாறி வந்த வண்டி ஒன்று ஜார்ஜ் டவுனில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் உள்ளது. அவர் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தாயும் தந்தையும் பால்மரம் சீவியவர்கள். லயத்திலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து லயத்துக்கும் செம்மண் சடக்கில் நடந்தே வளர்ந்தவர். அவர் இந்த வண்டியை வாங்கியபோது உறவினர் சிலர் நகைத்தனர். "வயசான காலத்துல காட்டு வண்டி எதுக்கு வாத்தியாரே?" என்று பட்டறைக்காரரும் கேட்டார். ஆசிரியர், "காட்டுல பொறந்தவனுக்குக் காட்டு வண்டிதானே" என்று சொல்லி முடித்துக்கொண்டார். உண்மைக் காரணம் வேறு. அவர் பிறந்த தோட்டத்தின் ஓரத்தில் பழைய கோயில் ஒன்று எஞ்சியிருந்தது. தோட்டம் செம்பனைக்கு மாறி, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்த பின்னும் ஆண்டுக்கொரு முறை அங்கே பொங்கலிட வேண்டும் என்பது அவர் தாயின் விருப்பம். மழை பெய்தால் அந்தச் சடக்கில் சாதாரணக் கார் செல்லாது.

முதன்முறை அந்த வண்டியில் ஏறி அமர்ந்த தாய், உயரத்திலிருந்து கீழே பார்த்துவிட்டு, "தொரை வண்டி மாதிரி இருக்கே ஐயா" என்றார். "தொரை வண்டி இல்லம்மா, நம்ம வண்டி" என்றார் மகன். வண்டி சடக்கில் இறங்கியது. முன்னே செம்பனைத் தோட்டத் தொழிலாளர் இருவர் நடந்து சென்றுகொண்டிருந்தனர். பள்ளங்களில் மழைநீர் தேங்கியிருந்தது. தாய் மகனுடைய தோளைத் தொட்டார். "மெதுவா போ ஐயா. நடந்து போறவங்க மேல சேறடிக்கக் கூடாது. எங்க சீலையில அந்தக் காலத்துல அடிச்சுட்டுப் போவாங்க. திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க." வண்டி ஏறத்தாழ நின்றே நகர்ந்தது. நடந்து சென்றவர்கள் ஒதுங்கி, கையுயர்த்தி, சிரித்து வழிவிட்டனர். வண்டி ஓட்டும் முறையைப் பற்றி ஆசிரியர் எத்தனையோ நூல்களில் படித்திருந்தார். நடப்பவனின் சீலையைப் பற்றிய பாடம் எந்த நூலிலும் இல்லை.

நான்கு சக்கர உந்துவிசை என்பது யாது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். பள்ளி அணிவகுப்பில் ஒரு வரிசை வளைந்து திரும்புவதை எண்ணிப் பார்க்கலாம். உட்புறத்து மாணவன் இருந்த இடத்திலேயே கால் மிதிக்கிறான். வெளிப்புறத்து மாணவனோ நீண்ட அடி வைத்து ஓடுகிறான். வண்டி திரும்பும்போதும் வெளிச்சக்கரம் மிகுதியாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல வேண்டும். அதற்கு இடந்தருவதே இரு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி. நல்ல சாலையில் அது நண்பன். சேற்றிலோ அதுவே தொல்லை. ஒரு சக்கரம் சேற்றில் பிடியிழந்தால், சுழல்வதற்கு எளிதான அந்தச் சக்கரமே சுழலும். கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரம் அசையாது. உழைக்க வாய்ப்புள்ளவன் சும்மா நிற்க, இயலாதவன் வீணே துடிக்கும் நிலை அது.

நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும்போது இக்குறை பெரிதும் நீங்குகிறது. பின் சக்கரங்கள் சேற்றில் இருந்தாலும் முன் சக்கரங்கள் கெட்டித் தரையைப் பற்றியிருக்கலாம். அவை வண்டியை இழுத்துக்கொள்ளும். பழைய சுசுகி வண்டிகளில் இதற்கெனத் தனி நெம்புகோல் உண்டு. நல்ல சாலையில் பின் சக்கரங்கள் மட்டும் ஓட்டும். சேறு வந்தால் நெம்புகோலை மாற்றி முன் சக்கரங்களையும் சேர்க்க வேண்டும். அந்நிலையில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பிணைக்கப்படுகின்றன. காய்ந்த தார்ச்சாலையில் அப்படியே திருப்பினால் பல்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும். கெம்பாராவில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் மற்றுமொரு டிஃபரன்ஷியல் இருப்பதால் தார்ச்சாலையிலும் நான்கும் இயங்கலாம். ஆசிரியருடைய வண்டியில் நடுவிலுள்ள அதனைத் தேவையானபோது பூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் ஜிம்னியில் இருப்பதுபோல், வேகத்தை மிகக் குறைத்து இழுவையை மிகுவிக்கும் தாழ்ந்த கியர்த் தொகுதி அதில் இல்லை. ஆகவே செங்குத்தான மலையில் ஜிம்னி செய்வதைக் கெம்பாரா செய்யாது. தன் வண்டியில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை அறிவதே உரிமையாளனின் முதற்கல்வி.

வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். வண்டியின் அச்சு முறிவதற்குப் பாறையை ஏற்ற வேண்டுவதில்லை, மெல்லிய மயிலிறகையே அளவு மீறி ஏற்றினால் போதும் என்னும் கருத்து அங்கேதான் வருகிறது. அதற்கடுத்து இரண்டாவதாக 'இடனறிதல்' வருகிறது. ஆற்றலின் அளவும், அதனைப் பயன்படுத்தும் இடமும் வேறு வேறு பாடங்கள் என்பதை அந்த வைப்புமுறை உணர்த்துகிறது. நான்கு சக்கர வண்டியின் உரிமையாளனுக்கு இவ்விரு பாடங்களும் ஒருங்கே வேண்டும்.

ஏனெனில் இவ்வண்டி ஒரு பெருந்தவறான நம்பிக்கையை எளிதில் ஊட்டிவிடுகிறது. நான்கு சக்கரங்களும் இழுப்பதால் வண்டி நன்றாக நிற்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். நிற்பதற்கும் இழுப்பதற்கும் தொடர்பில்லை. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. மழையில் வழுக்கும் சாலையில் இதற்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. மேலும், இதன் உடல் உயர்ந்தும் குறுகியும் இருப்பதால் விரைவாக வளைத்தால் சாயும் அச்சம் மிகுதி. 1988ஆம் ஆண்டில் அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று, அங்கே சாமுராய் என்னும் பெயரில் விற்கப்பட்ட சுசுகி வண்டி எளிதில் கவிழக்கூடியது என்று எழுதியது. நிறுவனம் அதனை மறுத்து 1996இல் வழக்குத் தொடுத்தது. 2004இல் இரு தரப்பும் உடன்பாடு செய்துகொண்டன. அந்த வழக்கின் நியாயம் எவ்வாறாயினும், உயரமான சிறு வண்டியை நெடுஞ்சாலையில் தாழ்ந்த காரைப்போல் ஓட்டலாகாது என்பது வழக்கில்லாமலே தெளிவான உண்மை.

ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதை மலை கற்பிக்கிறது. ஏறும்போது தவறினால் எஞ்சின் நின்றுபோகும், பெரும்பாலும் அவ்வளவுதான். அப்போதும் குறுக்கே திருப்ப முயலாமல், பின் கியரைப் போட்டு வந்த வழியே நேராக இறங்கிவிட வேண்டும். சரிவில் குறுக்காக நிற்கும் வண்டி உருளும். இறங்கும்போது தவறினாலோ திருத்துவதற்கு நேரமே இல்லை. நீண்ட சரிவில் பிரேக்கை ஓயாது மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ ஏறத்தாழ அதே கியரில் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பின்னுக்குப் பிடித்துக்கொள்ளும். "ஏறுறதுக்கு எஞ்சின் இருக்கு வாத்தியாரே; எறங்குறதுக்குத்தான் ஆளு வேணும்" என்று பட்டறைக்காரர் சொன்னதை ஆசிரியர் தம் பழைய மாணவரிடம் அடிக்கடி எடுத்துரைப்பார். வண்டிக்கு மட்டுமா அது பொருந்தும் என்று கேட்டுவிட்டு, விடையை மாணவரிடமே விட்டுவிடுவார்.

கொடிமலைக்குத் தாவரவியல் பூங்காவின் அருகிலிருந்து ஒரு தார்ப்பாதை செல்கிறது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளம். ஜீப் பாதை என்பதே அதன் வழக்குப் பெயர். ஏழெட்டு அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏற வேண்டும் என்னும் அளவுக்குச் சராசரிச் சரிவு. சில வளைவுகளில் அதனினும் மிகுதி. மலைமேல் குடியிருப்போருக்கும், அங்கே பயிர் செய்வோருக்கும், பணிபுரிவோருக்கும் பொருள்கள் இப்பாதையில் செல்கின்றன. அனுமதி பெற்ற நான்கு சக்கர வண்டிகளே இதில் ஏறலாம். நகரத்து மக்கள் நடந்து ஏறுகின்றனர். விடியற்காலையில் முதியவரும் இளைஞரும் வியர்வை சிந்த ஏறிக்கொண்டிருக்கும் காட்சியைக் காணலாம்.

ஆசிரியரும் அவர்களுள் ஒருவர். பூங்காவுக்கு அருகில் தம் கெம்பாராவை நிறுத்திவிட்டு, கைத்தடியுடன் நடந்து ஏறுவார். இதனைக் கண்டு வியப்பவர் உண்டு. மலையேறும் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மனிதன் ஏறுவது முரணாகத் தோன்றலாம். முரண் எதுவும் இல்லை. வண்டியால் முடியும் என்பது ஒன்று. வண்டிக்கு உரிமை உண்டு என்பது மற்றொன்று. அந்தப் பாதை நடப்பவர்க்கும், மலையில் வாழ்வோர்க்கும் உரியது. அனுமதி பெற்ற ஜீப் எதிரே வரும்போது ஆசிரியர் ஓரமாக ஒதுங்கி நிற்பார். ஓட்டுநர் தாழ்ந்த கியரில், பிரேக் விளக்கு எரியாமல், ஆமைபோல் இறங்கி வருவதைப் பார்த்து மகிழ்வார். தொழில் அறிந்தவனுடைய வண்டி ஓசையிலேயே தெரிந்துவிடும். அதில் அவசரம் இராது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இரவும் மறுநாளும் பினாங்கு கண்ட பெருமழையை அங்குள்ளோர் மறக்கவில்லை. காற்று மரங்களைச் சாய்த்தது, நகரத் தெருக்கள் ஆறுகளாயின, மலைச்சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து விழுந்தன, உயிர்கள் பலியாயின, ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர், இராணுவத்தின் உதவி வேண்டப்பட்டது. அத்தகைய நேரத்தில் உயரமான நான்கு சக்கர வண்டி ஒரு தெருவுக்கே உதவக்கூடும். முதியவரைத் தூக்கி உட்கார வைக்கலாம். அரிசியும் மருந்தும் கொண்டு செல்லலாம். ஆனால் அங்கும் அளவறிதல் வேண்டும். சேற்றைக் கடக்கும் வண்டி ஆழ்ந்த நீரையும் கடந்துவிடும் என்று எண்ணுவது தவறு. காற்றுக் குழாய் வழியே எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், காற்றைப்போல் நீர் அமுங்காது. உள்ளே இரும்புத் தண்டுகள் வளைந்து எஞ்சின் அழியும். ஓடும் வெள்ளமாயின் முழங்காலளவு நீரே சிறு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கிவிடும். மிதக்கத் தொடங்கிய வண்டிக்கு எத்தனை சக்கரங்களில் விசையிருந்தால் என்ன? தரையைத் தொடாத சக்கரம் நான்காயினும் ஒன்றும் இல்லாததற்குச் சமம்.

அந்த இரவில் ஆசிரியர் தம் வண்டியை எடுக்கவில்லை. தெருவில் நீரின் ஆழத்தை மூங்கிற்கழியால் அளந்து பார்த்தார். அண்டை வீட்டு முதியவளை மாடிக்கு ஏற்றுவதற்குக் கை கொடுத்தார். வண்டியைப் பற்றி நினைக்கவில்லை. நீர் வடிந்த பிறகுதான் வண்டிக்கு வேலை வந்தது. இரண்டு நாள்கள், நனைந்த மெத்தைகளையும் பாத்திரங்களையும் தெரிந்தவர் வீடுகளிலிருந்து ஏற்றி இறக்கினார். நாலு பேர் பாராட்டும் வகையில் வெள்ளத்தில் பாய்ந்து சென்ற கதை அவரிடம் இல்லை. மெத்தை சுமந்த கதையே உண்டு.

உரிமை என்பது பராமரிப்பையும் உள்ளடக்கியது. சாதாரணக் காரில் இல்லாத உறுப்புகள் இவ்வண்டியில் உண்டு. ஒவ்வொன்றும் தனக்குரிய எண்ணெயைக் கேட்கும். முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல், நடுவே விசையைப் பிரிக்கும் பெட்டி, பின்னே செல்லும் நீண்ட தண்டு, அதன் மூட்டுகள் ஆகிய எதையும் மறந்துவிட முடியாது. நீரில் இறங்கிய வண்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். நான்கு டயர்களும் ஒரே அளவும் ஏறத்தாழ ஒரே தேய்மானமும் உடையனவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாயின், சக்கரங்களின் சுற்றளவு மாறி, பல்சக்கரங்கள் ஓய்வின்றி உராயும். கூடுதல் எடையை இழுப்பதால் பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். கடலோரம் சென்று வந்தால் அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவாவிடில் உப்பு இரும்பைத் தின்னும். உற்பத்தி நின்றுவிட்ட வண்டியாதலின் சில உதிரி உறுப்புகளைப் பழைய இரும்புக்கடைகளில் தேடித்தான் பெற வேண்டும். வாங்கும் விலையை மட்டும் கணக்கிட்டு இறங்கியவர்கள் பலர், ஓரிரு ஆண்டுகளில் சலித்துப்போய் விற்றுவிடுகின்றனர்.

நிலத்துக்கும் ஒரு விலை உண்டு. பாதை விட்டு இறங்கும் சக்கரம் ஈரமண்ணில் இரண்டு கோடுகளைக் கிழிக்கிறது. அடுத்த மழையில் அக்கோடுகள் வாய்க்கால்களாகின்றன, வாய்க்கால் ஆழமாகி மண்ணைக் கரைக்கிறது, சரிவு பெயர்கிறது. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ கொடிமலையையும் அதனைச் சூழ்ந்த காட்டையும் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. நகரத்துக்கு நிழலும் நீரும் தரும் காடு அது. எங்கும் செல்லும் ஆற்றலுடைய வண்டி எங்கும் செல்லத் தொடங்கிவிட்டால், செல்வதற்குத் தகுந்த இடம் என்று எதுவும் எஞ்சாது. பாதையில் ஓடவும், பாதை முடியுமிடத்தில் இறங்கி நடக்கவும் தெரிந்தவனிடத்தில்தான் இவ்வண்டி இருக்கத் தகும்.

ஒரு காலத்தில் இம்மண்ணில் ஏறியவர் வேறு, சுமந்தவர் வேறாக இருந்தனர். பல்லக்கைச் சுமந்த தோள்களும், ஜீப்பைக் கண்டு ஒதுங்கி நின்ற கால்களும் தமிழர் பலருடைய குடும்பக் கதையில் உண்டு. அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கின்றனர். இது சிறிய மாற்றமன்று. மகிழ வேண்டிய மாற்றமே. ஆனால் இருக்கை மாறியதனால் மட்டும் கதை மாறிவிடாது. பழைய துரையின் வண்டியில் புதிய துரை அமர்ந்தால், நடப்பவனின் ஆடையில் படியும் சேறு அதே சேறுதான். வண்டியைச் சிறியதாக்கியது ஜப்பானியரின் பொறியியல். அதன் விலையை எளியவர்க்கு எட்டச் செய்தது மலேசியத் தொழில்துறை. அதில் அமர்பவனின் மனத்தை அளவறிந்ததாக்குவது அவனவன் கடமை.

நான்கு சக்கரங்களும் பங்கிட்டு உழைப்பதால்தான் அவ்வண்டி சேற்றிலிருந்து மீள்கிறது. விரைந்து சுழல்வதால் அன்று. விரையும் சக்கரம் சேற்றை வாரி இறைத்துத் தானும் புதையும். மெல்லச் சுழலும் சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ளும். தாழ்ந்த கியரில், நடப்பவர்க்கு வழிவிட்டு, ஏறிய நிதானத்தோடு இறங்கத் தெரிந்தவனே அதனை ஓட்டத் தெரிந்தவன்.